ஐஞ்சரை லட்ச வீடும் அரை விலைக் காரரும்

உருத்திரபுரத்தான்:
நேற்று இந்தப் பக்கத்திலை ஒருத்தர் எழுதினதை வாசிச்சதிலையிருந்து நித்திரை இல்லை. "வன்னியிலை வீடு வாங்கேக்கை சொல்லுற விலையிலை அரைவாசியிலை தொடங்குங்கோ, இந்தியன் வீட்டுத்திட்ட வீடெண்டால் அதுக்குப் போனதே 550,000 ரூவாதான்" எண்டு எழுதியிருக்கிறார். தம்பி, சண்டையிலை வீடிழந்த ஆக்களுக்கு இந்திய அரசாங்கம் வீடு கட்டத் தந்த காசுதான் அந்த ஐஞ்சரை லட்சம். கட்டின காசில்லை. கட்டம் கட்டமாத்தான் பாங்கிலை விழும். அத்திவாரத்தை வந்து பாத்தால்தான் அடுத்தது. கதவு யன்னலுக்கு மேலை வாற லின்ரல் மட்டத்தோடை எங்களுக்குக் காசு முடிஞ்சுது. சுவர் ஒரு மாரி முழுக்க நனைஞ்சுது. மனிசியின்ரை தாலிக்கொடி அடைவுக்குப் போனபிறகுதான் ஓடு ஏறினது.

ஸ்காபரோச் சின்னவன்:
எழுதினது நான்தான் ஐயா. ஐஞ்சரை எண்டது என்ரை கணக்கில்லை, திட்டத்தின்ரை கணக்கு. போன ஆவணி பரந்தன் பக்கம் ஒரு வீடு பாத்தன். கிணத்துக்குள்ளை வாளி விட்டால் அடியிலை தட்டுது. அதுக்கு ஒரு கோடியாம்! அரைவாசி கேட்டது பிழையோ?

உருத்திரபுரத்தான்:
ஆவணியிலை வந்தால் வாளி தட்டும்தான். மாரியிலை வந்து பாரும். அது கிடக்கட்டும், ஐஞ்சரைக்கு மறுமொழி சொல்லும்.

நொத்தாரிசு மருமகன்:
காணி சொந்த உறுதியோ, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்திலை குடுத்த பேர்மிற்றோ? அதை ஒருத்தரும் கேக்கேல்லை. பேர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின்ரை சம்மதம் இல்லாமல் எழுதி வாங்கினால் அது வெறுந்தாள். உறுதிக் காணியெண்டாலும் முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், வாங்கிறவற்றை தலையிலை. அதையும் சேத்தெல்லோ விலை பேசவேணும்.

உருத்திரபுரத்தான்:
என்ரை உறுதிக் காணி. அரை ஏக்கர்.

சுன்னாகம் சுருட்டு:
எங்கடை யாழ்ப்பாணக் கணக்கிலை எட்டுப் பரப்பு! எங்கடை பக்கம் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சீதனம் குடுக்கலாம்.

உருத்திரபுரத்தான்:
உங்கடை பரப்புக் கணக்கை ஆனையிறவிலை இறக்கி வச்சிட்டு வாங்கோ. எங்களுக்கு ஏக்கர்தான்.

சுன்னாகம் சுருட்டு:
ஏக்கர் கணக்கிலை கிடந்து என்ன, வாளி தட்டுதாமே.

ஸ்காபரோச் சின்னவன்:
🤣 ஐயா, கோவிக்காதேங்கோ. அந்த வீட்டுத் தரகரும் உங்களை மாதிரித்தான் கதைச்சவர். சொந்தமோ?

உருத்திரபுரத்தான்:
தரகருக்கும் எனக்கும் என்ன? உங்களை மாதிரி வெளிநாட்டு ஆக்கள் முதலிலை வந்து, சொன்ன விலைக்குக் காசை எண்ணி வச்சு விலையை ஏத்தினியள். இப்ப வந்து ஏழையளிட்டை பேரம். நான் விக்கவும் இல்லை, விக்கப்போறதும் இல்லை. ஆனா ஐஞ்சரை எண்டு இன்னொருக்கா எழுதாதேயும்.

நொத்தாரிசு மருமகன்:
விக்காத வீட்டுக்கோ இவ்வளவு சண்டை?

ஸ்காபரோச் சின்னவன்:
ஐஞ்சரை.

உருத்திரபுரத்தான்:
அடைவுத் துண்டு இன்னும் றங்குப் பெட்டிக்குள்ளை கிடக்கு. படம் எடுத்துப் போடுறன், நில்லும்.