மேமியோ ஸ்ட்ராபெர்ரி நாத்து, கீழ்நாட்டுத் தொட்டி: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

ரங்கூன், தாம்வே
நவம்பர்ல மலையூரான மேமியோவுல இருந்து ரங்கூனுக்கு இறங்கின ஸ்ட்ராபெர்ரி நாத்து. இந்த வருஷம் இங்க பல மாடியில இது இருக்கு. பக்கத்து மாடித் தொட்டியில ஒரு செடி, உச்சி வெயில்ல இலை தொங்கும், பொழுது சாய்ஞ்சா நிமிரும். மண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நிமிரவே இல்ல. பிடுங்கினா வேர் பெருசா கெடல. இலையும் வேரும் சேர்ற கட்டையை பிளேடால நெடுக்கப் பிளந்தாங்க. வெள்ளையா இருக்க வேண்டிய சதையில செம்பழுப்புத் திட்டு, ஓரத்துல இருந்து நடுவைப் பார்த்து கோடு கோடா ஏறியிருக்கு. கொழகொழப்பு இல்ல, நாத்தம் இல்ல, கெட்டியாவே இருந்துச்சு. அதே கட்டுல வந்த இன்னொரு செடியைப் பிளந்தா உள்ள சுத்த வெள்ளை. தண்ணி பத்தாம வாடின செடி இப்படி இருக்காது. மிச்ச நாத்தை வச்சுக்கலாமா, தூக்கிப் போடணுமா?

மேமியோ
தம்பி, நீங்க சொல்ற அடையாளம் கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சாணத்தோடது. அதனால வர்ற நோய்க்குப் பேரு ஆந்த்ராக்னோஸ் கட்டை அழுகல். நாத்துலயே பதுங்கி வரும், எங்க ஊர்க் குளிர்ல ஒண்ணும் காட்டாது. சூடும் ஈரமும் சேர்ந்து கிடைச்சா வேகம் எடுக்கும். 25லிருந்து 30 டிகிரி அதுக்கு ரொம்பப் பிடிச்ச சூடு. காம்புலயும் ஓடுகொடியிலயும் கருத்துக் குழிஞ்ச நீளப் புள்ளி இருக்கான்னு பாருங்க. புள்ளி உள்ள செடியை எரிச்சிடுங்க, எருக்குழியில போடாதீங்க. புள்ளி இல்லாததைத் தள்ளித் தள்ளி வையுங்க. தெறிக்கிற தண்ணியிலதான் இது முக்கியமாப் பரவும், அதனால பூவாளியால தலைக்கு ஊத்தாம கட்டையைச் சுத்தி மண்ணுல ஊத்துங்க, மண்ணு மேல வைக்கோல் பரப்புங்க. கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி ஸ்பிரிட்டால துடைங்க. கட்டைக்குள்ள போயிட்ட பிறகு மருந்தடிச்சுப் பிரயோசனமில்ல.

மோல்மீன்
எல்லாத்தையும் பூஞ்சாணம் தலையில கட்டாதீங்க அண்ணே. இங்க வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. நான் பார்த்ததுல பாதிக்கு மேல நட்ட ஆழத்தால செத்தது. போன பருவத்துல எதிர்வீட்டுத் தொட்டி: கட்டை முழுக்கச் சேத்துக்குள்ள, நடுக் குருத்து மட்டும் எட்டிப் பார்க்குது. இரண்டு விரலால லேசா இழுத்ததும் குருத்து அப்படியே கையோட வந்துடுச்சு, அடி கருத்து வழவழன்னு. அது இன்னும் கண்ணுல நிக்குது.

வேர் முழுக்க மண்ணுக்குள்ள, கட்டையில பாதி மண்ணுக்கு மேல. இதுல ஒரு விரற்கடை மாறினாலும் கேடுதான்: மேல போனா வேர் காயும், கீழ போனா குருத்து அழுகும். தொட்டி மண்ணு முதல் தண்ணியிலயே அமுங்கும், அதனால முதல்ல நல்லா நனைச்சு அமுங்க விட்டு, பிறகு நடுங்க. மறுநாள் திரும்பப் பாருங்க. தொட்டி ஒரு செடிக்கு 20 சென்டிமீட்டர் அகலம், ஆழமும் அதே, அடியில நாலஞ்சு ஓட்டை. கலவை: தென்னை நார்த்தூள் 2 பங்கு, கருக்கின உமி 1 பங்கு, நல்லா மக்கின மாட்டெரு 1 பங்கு. நார்த்தூளை இரண்டு மூணு தண்ணி மாத்தி அலசணும். உப்பு இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது, இலை ஓரம் காய்ஞ்சு சுருண்டா முதல்ல உப்பைச் சந்தேகப்படுங்க. உமிக்கரியையும் அலசுங்க, சாம்பல் தங்கினா மண்ணுல காரத்தன்மை ஏறும். இந்தச் செடிக்கு வேணும்கிறது பி.எச். (மண்ணோட அமில-கார அளவு) 5.5லிருந்து 6.5.

ரங்கூன், கமாயுட்
சாகிற கதை இருக்கட்டும், காய் கோணறதை யாராவது பார்த்திருக்கீங்களா? ஒரு பழத்தைக் கையில வச்சு உத்துப் பார்த்தேன். உப்பின பக்கம் விதைகள் பெருசா, தள்ளித் தள்ளி. குழிஞ்ச பக்கம் வெளிறின பொடி விதை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நெருக்கமா. காரணம் அங்கேயே எழுதியிருக்கு: மகரந்தம் சேர்ந்த விதை தன்னைச் சுத்தியுள்ள சதையை மட்டும்தான் ஊத வைக்கும். சேராத இடம் அப்படியே நின்னுடும். அந்தப் பழம் காய்ச்ச தொட்டிக்குக் கொண்டைக்குருவி வராம இருக்க நைலான் வலை, காலையில இருந்து இருட்டுற வரை இழுத்துக் கட்டியிருந்தாங்க. தேனீ எப்படி உள்ள போகும்? பூ விரியற நாள்ல முற்பகல் வலையைத் தூக்கி விடுங்க. தேனீ வராத மாடின்னா மெல்லிய தூரிகையால பூவின் நடு மேட்டை முழு வட்டமாத் தடவுங்க, ஒரு பக்கம் மட்டும் தொட்டா ஒரு பக்கம் மட்டும்தான் ஊதும். காய் வெளுக்க ஆரம்பிச்ச பிறகு வலை கட்டினா போதும், குருவி சிவப்புக்குத்தான் வரும்.

மேமியோ
வலையை மட்டும் சொன்னா பாதிதான் அக்கா. மார்ச்ல பூத்த பூ வலையே இல்லாமலும் கோணும், அந்தச் சூட்டுல மகரந்தமே வலுவிழக்கும். அதனால ரங்கூன்ல கணக்கு இதுதான்: மழை விட்டதும் நடணும், டிசம்பர் ஜனவரியில பூ வாங்கணும். பூவிலிருந்து பழம் ஏறத்தாழ ஒரு மாசம்.

யாரும் கேட்கலைன்னாலும் நாத்தைப் பத்திச் சொல்லிடறேன், தாம்வே தம்பிக்கு வந்த வினை அங்கதான் தொடங்குது. நோயில்லாத தாய்ச்செடியை அறுவடை முடிஞ்சதும் தனியா எடுத்து, மேல கண்ணாடித் தாள் (ஒளி புகுற பிளாஸ்டிக்) கூரை போடுங்க. நாத்து வளர்ற காலம் முழுக்க மழைக்காலம், மழைத்துளி தெறிக்காம இருக்கிறதுதான் பாதி வைத்தியம். வர்ற பூவையெல்லாம் கிள்ளிடுங்க, பலம் ஓடுகொடிக்குப் போகட்டும். கொடியில முதல் கணு வெறுமையா இருக்கும், இரண்டாவது கணுவுலதான் குட்டிச்செடி. அதைக் கலவை நிரப்பின சின்னக் கப்பு மேல உட்கார வச்சு, வளைச்ச கம்பியால கொடியைக் குத்தி நிறுத்துங்க. குட்டியைப் புதைக்காதீங்க. இரண்டு மூணு வாரத்துல வேர் பிடிக்கும். மெதுவா இழுத்தா எதிர்த்து நிக்கணும், அப்பதான் கொடியை அறுக்கலாம். ஒரு தாய்க்கு நாலஞ்சு குட்டி போதும், மிச்சத்தை வெட்டுங்க.

அனுப்பும்போது இரண்டு மூணு இளம் இலை மட்டும் விட்டு, வேரை ஈரக் காகிதத்துல சுத்துங்க. பகல் பஸ்ல இறுக்கிக் கட்டின பிளாஸ்டிக் பையில வச்சா வெந்துடும். ராத்திரி பஸ்ல விடுங்க. இறங்கின அன்னைக்கே சாயங்காலம் நட்டு, ஒரு வாரம் நிழல்.

தௌங்ஜி
மேமியோ அண்ணன் சொன்ன கூரைக்கு ஒரு எச்சரிக்கை. கூரைக்கடியில மழை படாத, காய்ஞ்ச இலைன்னா செஞ்சிலந்திக்கு (இலைச் சாறு உறிஞ்சுற பொடி உயிர்) கொண்டாட்டம். இங்க ஒரு தோட்டத்துல இலை முழுக்க ஊசி குத்தின மாதிரி வெளிறிப் போச்சு, உரம் பத்தலைன்னு யூரியா போட்டுக்கிட்டே இருந்தாங்க. இலையை வெள்ளைத் தாள் மேல தட்டினதும் பொடிப் புள்ளிகள் நகர ஆரம்பிச்சுது. யூரியா கூடினா இலை கொழுக்கும், சிலந்தி பெருகும், பூ குறையும். காலையில இலையின் அடிப்பக்கம் தண்ணியைப் பீய்ச்சி அடிங்க, பொழுது சாயறதுக்குள்ள இலை உலர்ந்துடணும். போகலைன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ரெண்டு சொட்டு சோப்பு, சாயங்காலம் மட்டும். வெயில்ல அடிச்சா இலை கருகும்.

மோல்மீன்
ஆந்த்ராக்னோஸ் இருக்கிற மாடியில பீய்ச்சி அடிக்கச் சொல்றீங்களே? அது தெறிச்சுப் பரவுற நோய்னு மேலேயே இருக்கு. தாம்வேக்காரருக்கு இந்த யோசனை வேணாம். சிலந்தி பிடிச்ச இலையைக் கிள்ளி எடுத்தாலே பாதி குறையும்.

ரங்கூன், தாம்வே
இன்னும் இரண்டு செடியில காம்புப் புள்ளி இருந்துச்சு, எரிச்சாச்சு. மிச்சம் தனியா நிக்குது. செத்த செடி இருந்த தொட்டி மண்ணை என்ன பண்றது?

மேமியோ
வேர், இலைத் துணுக்கு எல்லாத்தையும் பொறுக்கி எடுங்க, பூஞ்சாணம் அதுலதான் தங்கும். ஈர மண்ணைக் கண்ணாடித் தாளுக்கடியில ஏப்ரல் வெயில்ல மாசக் கணக்குல மூடி வையுங்க. அப்புறம் கீரை போடலாம். மிளகாய் வேணாம், அதுக்கும் ஆந்த்ராக்னோஸ் வரும். அடுத்த ஸ்ட்ராபெர்ரிக்குப் புதுக் கலவைதான்.