சென்னை–சிங்கப்பூர்: போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்காலா?

மன்னார்குடிக்காரன்:
தங்கை வீட்டுக்குப் போகிறார் அம்மா. முதல் விமானப் பயணம். டிக்கெட்டைக் கொடுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார். சென்னையில் சனிக்கிழமை 00:50-க்குக் கிளம்பி அங்கே 07:35-க்கு இறங்குகிறது, ஆறே முக்கால் மணி நேரம். திரும்பும்போது 18:30-க்குக் கிளம்பி 20:15-க்கே சென்னை. "போறப்ப மட்டும் ஊரைச் சுத்திக்கிட்டுப் போறானா?" என்கிறார். நேர வித்தியாசம்தான் என்று தெரிகிறது, அவருக்குப் புரியும்படி சொல்லத்தான் வரவில்லை. உண்மையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

தெம்பனீஸ் வாசி:
இரண்டு பக்கமும் நாலேகால் மணி நேரம்தான். இங்கே சிங்கப்பூரில் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகிற கணக்கில் இரண்டரையைக் கழியுங்கள், வருகிற கணக்கில் கூட்டுங்கள். சரியாக வரும்.

நேர்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று வைத்தால் மூன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டும். ஓடுபாதை வரை ஊர்வது, மேலே ஏறுவது, சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் டிக்கெட்டில் நாலேகால். அம்மாவுக்கு இடப்பக்கம் ஜன்னல் சீட் போடுங்கள். வங்காள விரிகுடா முழுக்க இருட்டுதான், ஆனால் மலாக்கா நீரிணைக்கு மேலே போகும்போது விடிய ஆரம்பிக்கும்.

பழைய கப்பல் பயணி:
நான் 1979-இல் நாகப்பட்டினத்தில் 'சிதம்பரம்' கப்பல் ஏறிப் போனவன். கிட்டத்தட்ட ஒரு வாரம், பாதி நாள் வாந்தி. அப்போது வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பம் தன் கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறியது, சிங்கப்பூரும் கூடவே அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஏழு மணி வாக்கில்தான் சூரியனே எழுந்திருக்கிறார்.

அம்பத்தூர் மருமகன்:
கணக்கு கிடக்கட்டும், தேதியைப் பார்த்தீர்களா? சனி 00:50 என்றால் வெள்ளி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் மாமனார் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாக மீனம்பாக்கம் போய் நின்றார். விமானம் அன்று விடிவதற்கு முன்பே போயிருந்தது. வெள்ளி இரவு பத்து மணிக்கெல்லாம் உள்ளே போய்விடுங்கள். அப்புறம், சிங்கப்பூர் வருகை அட்டை: இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை.

மன்னார்குடிக்காரன்:
அம்பத்தூர்க்காரரே, கும்பிடுகிறேன். வெள்ளி இரவு மன்னை எக்ஸ்பிரஸில்தான் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தேன்! சனிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, பகல் முழுக்க அத்தை வீட்டில் ஓய்வு என்று திட்டம். இப்போது வியாழனுக்கு மாற்றியாகிவிட்டது.

கூட்டல் கழித்தல் கணக்கை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டாராம். "அங்க மணி என்னன்னு உன் தங்கச்சி சொல்லுவா. உங்கப்பா மாத்திரை போடுற நேரம் எனக்குத் தெரிய வேண்டாமா?"