நாய் சாகாத நாய்க்கதை ஏதாவது இருக்கிறதா?

கொய்யாமரம்:
அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்திருக்கிறது. புதுக் கண்ணாடி வரும்வரை எழுத்து தெரியாது என்பதால் ராத்திரி நான்தான் கதை வாசிக்கிறேன். எங்கள் செவலை போனதிலிருந்து அம்மாவுக்கு நாய் வரும் கதைதான் வேண்டும். ஆனால் எதை எடுத்தாலும் கடைசியில் நாய் செத்துப்போகிறது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அழுதால் கசக்காமல் இருப்பாளா?

நேற்று கிரேக்க வீரன் ஒடிசியஸ் கதை. இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்காரன் வேஷத்தில் வீட்டுக்கு வருகிறான். சாணக் குவியலில் கிடக்கும் அவனுடைய கிழட்டு நாய் ஆர்கோஸ் பார்த்தவுடனே கண்டுபிடித்து வாலாட்டுகிறது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்து அது செத்துவிடும். இப்படி எத்தனை கதையை வெட்டுவது?

பழையவீடு:
மகாபாரதத்தில் மகாபிரஸ்தானிக பர்வம் சொல்லுங்கள். இமயம் ஏறும் வழியில் திரௌபதி, சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று எல்லோரும் விழுகிறார்கள். நாய் விழவில்லை. அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்கிறான் இந்திரன். தருமர் மாட்டேன் என்கிறார். கடைசியில் அந்த நாயே தருமதேவன் என்று வரும். எனக்கு அந்த இடம் பிடிக்காது. நாய் நாயாகவே இருந்திருந்தால் என்ன குறைச்சல்?

ரயிலடி:
ஹச்சிகோவை மட்டும் தொடாதீர்கள். 1925-இல் தன்னை வளர்த்த பேராசிரியர் உவேனோ இறந்த பிறகு 1935-இல் தான் சாகும்வரை அவரைத் தேடி டோக்கியோவின் ஷிபுயா ஸ்டேஷனுக்கு வந்துகொண்டே இருந்த நாய்.

ஆனால் ஒரு படம் காட்டலாம். 2015-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒரு சிலை வைத்தார்கள். ஷிபுயா சிலையில் நாய் தனியாகக் காத்திருக்கும். இதில் பேராசிரியர் வந்தேவிட்டார். ஹச்சிகோ இரண்டு காலில் எழுந்து அவர்மேல் தாவுகிறது. நடக்காததுதான், ஆனாலும் செய்தவர்கள் புண்ணியவான்கள்.

கொய்யாமரம்:
நன்றி. தருமர் கதையை முழுசாகவே சொல்லிவிட்டேன், வெட்டவில்லை. நாய் தேவனாக மாறியது அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "அதை விடு, அவ்வளவு தூரம் மலை ஏறிச்சே, வழியில அதுக்கு யாராவது சோறு வச்சாங்களா?" என்கிறாள். பழையவீடு சார், வியாசர் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

பழையவீடு:
சொல்லவில்லை அம்மா. திரௌபதி விழும்வரை அவள் வைத்திருப்பாள் என்று சொல்லிவிடுங்கள்.