மந்திரி-குதிரை மேட் நமக்குத் தேவையா?

செம்பூர் சிப்பாய்: நடுத்தரச் சதுரங்க ஆட்டக்காரர்கள் இறுதியாட்டத்தில், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், முதலில் மந்திரி-குதிரை மேட்டைத்தான் (ராஜாவோடு ஒரு பிஷப்பும் குதிரையும் மட்டும் வைத்து எதிரி ராஜாவை மடக்குவது) கற்க வேண்டும் என்று மாட்டுங்கா மந்திரி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. மும்பை முழுக்க ஆடிப் பாருங்கள், அது எத்தனை பேருக்கு வருகிறது? யானையும் (ரூக்) சிப்பாயும் மிஞ்சும் ஆட்டம்தான் அடிக்கடி வரும். லூசெனா நிலையில் (சிப்பாய் ராணியாக ஒரே கட்டம் பாக்கி இருக்கும் யானை ஆட்டம்) யானையை நான்காம் வரிசைக்கு ஏற்றி, செக்குகளை மறிக்கத் தெரியாதவனுக்கு மந்திரி-குதிரை எதற்கு?

மாட்டுங்கா மந்திரி: எதற்கா? 2013, ஜெனீவா. அப்போது பெண்கள் உலக சாம்பியனாக இருந்த அன்னா உஷெனினா, ஓல்கா கிர்யாவுக்கு எதிராக மந்திரியும் குதிரையும் கையில் இருந்தும் 50 நகர்த்தலுக்குள் மேட் செய்ய முடியவில்லை. 50 நகர்த்தல் விதிப்படி ஆட்டம் டிரா. சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 33 நகர்த்தல் போதும்.

செம்பூர் சிப்பாய்: அது கைவராமலேயே அவர் உலக சாம்பியன் ஆகிவிட்டார். என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

மாட்டுங்கா மந்திரி: சாம்பியனுக்கே அரைப் புள்ளி போயிற்று என்றால் நமக்கு எவ்வளவு போகும்?

டோம்பிவ்லி யானை: இரண்டும் வேண்டாம். சிங்கப்பூர், 2024 உலகப் பட்டப் போட்டி, 14ஆவது ஆட்டம். டிங் லிரென் 55ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், மந்திரிகளையும் மாற்றினார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். உலகப் பட்டம் கைமாறியது. முதலில் ராஜாவை எதிரெதிரே நிறுத்தப் பழகுங்கள்.

மாட்டுங்கா மந்திரி: அது களைப்பில் வந்த பிழை. பேச்சை மாற்றாதீர்கள். மந்திரி-குதிரை கற்றால் காய்களைச் சேர்த்து ஆடும் புத்தி வரும். மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடினால் எதிரி ராஜா கருப்பு மூலையில் போய்ப் பதுங்குவான். அங்கே மேட் விழாது. குதிரையை எஃப்7, இ5, டி7, சி5, பி7 என்று நடத்தி, தப்பும் கட்டங்களை ஒவ்வொன்றாக அடைத்து, வெள்ளை மூலைவரை தள்ள வேண்டும். நடுவில் ராஜா வெளியே ஓடுவதுபோலத் தோன்றும். பதறுகிறவன் அங்கேதான் விட்டுவிடுவான். இதைப் பழகாதவன் மூன்று காய்களை ஒன்றாக நடத்துவேன் என்று சொல்லக் கூடாது.

தானே குதிரை: லூசெனா நிலை என்கிறீர்களே, லூசெனாவின் 1497 புத்தகத்தில் அந்த நிலையே கிடையாது. 1634இல் சால்வியோவின் புத்தகத்தில்தான் இருக்கிறது.

செம்பூர் சிப்பாய்: சால்வியோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். யானை ஆட்டம்தான் வருகிறது, மந்திரி-குதிரை வருவதில்லை.

மாட்டுங்கா மந்திரி: தாதர் போட்டியில் என்ன வந்தது? ஏ-வரிசைச் சிப்பாயோடு மந்திரியும் வைத்திருந்தீர்கள். சிப்பாய் ராணியாகும் மூலை உங்கள் மந்திரியின் நிறமில்லை. என் ராஜா மூலைக்குள் நுழைந்ததும் டிராவுக்குக் கை நீட்டினீர்கள். பாடம் சொல்வது நீங்களா?

செம்பூர் சிப்பாய்: அதற்கு முந்தைய சுற்றில் என்னிடம் யானை ஆட்டத்தில் தோற்றது யார்? யானை ஆட்டத்தில் டிரா பிடிக்கும் பிலிடோர் முறை தெரிந்திருந்தால், சிப்பாய் முன்னேறும்வரை யானையை மூன்றாம் வரிசையிலேயே வைத்துத் தப்பியிருப்பீர்கள்.

மாட்டுங்கா மந்திரி: ஞாயிற்றுக்கிழமை பலகையும் கடிகாரமும் கொண்டுவருகிறேன். மந்திரி-குதிரை, 50 நகர்த்தல். செய்து காட்டுங்கள்.

செம்பூர் சிப்பாய்: யானை ஆட்டம் வைத்தால் வருகிறேன்.