வலம்புரி என்று எழுதினால் தப்பாகிவிடும்: நத்தை ஓட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

காட்டுச் சருகுக்குள் வாழும் சின்னஞ்சிறு நத்தையில் ஒரு புது இனம் கிடைத்தால், அதை எப்படி விவரித்து எழுதிப் பெயர் வைக்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே நின்றுவிட்டேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நத்தை விவரிப்புகளில் முதலிலேயே வருபவற்றில் ஒன்று, ஓடு டெக்ஸ்ட்ரலா (வலப்பக்கம் திரும்பியதா) சினிஸ்ட்ரலா (இடப்பக்கம் திரும்பியதா) என்பது. பதில் எழுதிய மூவரும் ஒரே சொல்லைத்தான் தந்தீர்கள்.

> வலம்புரி, இடம்புரி என்று ஆயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்குத் தேட வேண்டும்?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வலம்புரி என்று எழுதியும் விட்டேன். அப்புறம்தான் வம்பு.

காரைக்குடியில் பெரியம்மா வீட்டுச் சாமி வீட்டில் ஒரு வலம்புரிச் சங்கு இருக்கிறது. சாமிக்குப் படைப்புப் போடும் அன்றைக்குத்தான் வெளியே வரும். இந்த முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரியம்மா அதைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள்: சங்கின் வாய் மேலே பார்க்க, சுருள்முனை தன் பக்கம், நீர் வார்க்கும் மூக்கு எதிர்ப்பக்கம். அப்படிப் பிடித்தால் வாய் வலப்பக்கம் இருக்கிறது. அதனால் அது வலம்புரி. சரி. நத்தை ஆய்வாளர்கள் ஓட்டைப் பிடிப்பது வேறு மாதிரி. சுருள்முனை மேலே, வாய் நம்மைப் பார்த்து. அதே சங்கை நான் அப்படி நிமிர்த்திய உடனே வாய் இடப்பக்கம் போய்விட்டது. "சங்கைத் தலைகீழாப் பிடிக்காதப்பா" என்று பெரியம்மா வாங்கி வைத்துவிட்டார்கள். எது தலை, எது கீழ் என்பதில்தான் விவகாரமே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியவில்லை.

ஆக, நாம் வலம்புரி என்று பூசிக்கிற அபூர்வச் சங்கு உயிரியல் கணக்கில் சினிஸ்ட்ரல், அதாவது இடப்பக்கத்தது. கோயிலில் ஊதுகிற சாதாரணச் சங்குதான் டெக்ஸ்ட்ரல். நான் எழுதியது நேர் எதிர். (வலம்புரி என்று கடையில் ஏமாற்றி விற்பதில் அமெரிக்கக் கடற்கரைச் சங்கு ஒன்றும் உண்டு. அந்த இனமே இயல்பில் இடப்பக்கம் திரும்பியது. அதனால் அதற்கு அபூர்வம் என்று எதுவும் இல்லை.)

> கலைச்சொல் என்றால் பொருளை நாம்தானே வரையறுக்கிறோம்? உயிரியலில் வலம்புரி என்றால் டெக்ஸ்ட்ரல் என்று வைத்துக்கொண்டால் போயிற்று.

கோவை நண்பரே, வழக்கில் இல்லாத சொல்லாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். இது வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். பாடத்தில் ஒரு பொருள், சாமி வீட்டில் அதற்கு எதிர்ப்பொருள் என்றால் பிள்ளை எதை நம்பும்? இதில் பிழை வந்தால் சின்னப் பிழையாகவும் இருக்காது. நத்தைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் டெக்ஸ்ட்ரல்தான். ஆனால் டிப்ளோம்மாட்டினா என்ற பேரினத்தில் இரண்டு வகையும் உண்டு. நத்தையை இனம் பிரிக்கும்போது முதலில் பார்ப்பவற்றில் திசையும் ஒன்று.

திசை மாறினால் உள்ளே உடம்பும் கண்ணாடிப் பிம்பம்போல இடம் மாறிவிடும். இனப்பெருக்க உறுப்பு எதிர்ப்பக்கம் போய்விடுவதால் இணை சேர்வது பெரும்பாடு. 2016இல் இங்கிலாந்தில் ஜெரெமி என்று பெயரிட்ட இடப்பக்கத் தோட்ட நத்தைக்கு நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் ஊரறிய அறிவித்து வரன் தேடினார்கள். வந்த இரண்டு வரன்களும் முதலில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. 2017இல் இறப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் ஜெரெமிக்கு இணை கூடியது. பிறந்த குஞ்சுகள் எல்லாம் வலப்பக்கம்!

வலச்சுற்று, இடச்சுற்று என்றும் ஒருவர் சொல்லியிருந்தீர்கள். சுருள்முனையிலிருந்து பார்த்தால் டெக்ஸ்ட்ரல் ஓடு கோயிலை நாம் வலம் வருகிற திசையில்தான் வளர்கிறது. ஆனால் அடிப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவே எதிர்த்திசை. மறுபடி அதே குழப்பம்.

என் பரிந்துரை: வலவாய், இடவாய். சுருள்முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால், வாய் வலப்பக்கம் இருப்பது வலவாய் ஓடு. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பெரியம்மா வீட்டுச் சங்கு வலம்புரியாகவே இருக்கட்டும். அது இடவாய் ஓடு. இரண்டு சொல்லும் அடித்துக்கொள்ளாது.

> வலவாய் என்றால் வாய் வலிக்கிற மாதிரி கேட்கிறது. அது போகட்டும், முனையே எழும்பாத தட்டை நத்தைக்கு என்ன செய்வீர்கள்?

தேவகோட்டை ஆசிரியர் ஐயாவுக்கு: வலி பழகினால் போய்விடும். தட்டை நத்தைக் கேள்வி நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். பல ஓடுகளின் அடியில், சுற்றுகளின் நடுவே ஒரு குழி இருக்கும். லத்தீனில் அதற்குத் தொப்புள் என்றே பெயர். அது தெரிகிற பக்கம் கீழே. தொப்புள் என்ற சொல் பாடத்துக்கு ஆகாது, கொப்பூழ் என்று போடலாம் என்கிறார் ஒருவர். வேண்டாம். தொப்புள்கொடி என்று எல்லாரும்தான் சொல்கிறோம்.

மைக்ரோஸ்னெயிலுக்கு நுண்நத்தை என்று பெரும்பான்மை. நுண் என்றாலே கிருமி நினைவு வருகிறது எனக்கு. பொதுவாக 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டவற்றைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும். 2015இல் போர்னியோவின் சுண்ணாம்புக் குன்றுகளிலிருந்து விவரித்த அக்மெல்லா நானா வெறும் 0.7 மில்லிமீட்டர், அப்போது தெரிந்த தரைநத்தைகளிலேயே அதுதான் பொடிசு. பொடிமீன், பொடிப்பயல் என்கிறோமே, பொடிநத்தை என்றால் என்ன?

இந்தச் சொல்லை நான் மேசையிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் பக்கத்து அய்யனார் கோயில் காட்டில் பாலை மரமும் வீரை மரமும் அடர்ந்து நிற்கும். சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்பது கட்டு. பூசை செய்யும் வேளாரிடம் இரண்டு கை சருகு கேட்டேன். "சருகுதானே, திரும்பக் கொண்டாந்து போட்டுரணும்" என்றார். காயவைத்து, ரவைச் சல்லடையில் சலித்து, விழுந்த பொடியைக் கிண்ணத்து நீரில் கொட்டினேன். மண் அடியில் தங்கிவிட, காற்றடைத்த வெற்றோடுகள் நான்கு மேலே மிதந்தன. பெரியது எள் அளவு. லென்ஸில் பார்த்தால் ஆத்தங்குடிக் கல் மாதிரி ஒரு பளபளப்பு. நான்கும் வலவாய். புது இனமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அதற்குக் கூடுமானால் உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே விவரித்தவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரியைக் குறித்து முறைப்படி வெளியிட வேண்டும். சருகைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அந்த ஒற்றை மாதிரிக்கு, அதாவது ஹோலோடைப்புக்கு, பெயர்மாதிரி என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டும் கோட்டுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஆங்கிலத்தில் அது சூச்சர். தையல் என்பது நேர் மொழிபெயர்ப்பு, ஓட்டில் ஊசிநூல் ஏது? எங்கள் ஊர் ஆசாரி மூட்டு என்கிறார், எனக்கு முழங்கால் ஞாபகம் வருகிறது. கொத்தனார் வேலை, மண்பாண்ட வேலை தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.