இரவல் பதிந்தும் வாசலில் அலாரம் அடிக்கிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. மாணவர்களே இரவல் பதியும் கருவி சிப்2 (SIP2, நூலகக் கருவிகள் மென்பொருளோடு பேசும் நெறிமுறை) வழியாக அதனோடு இணைந்திருக்கிறது. மெல்லிய புத்தகங்கள் மூன்று நான்கைச் சேர்த்து வைத்தால் எல்லாமே கணக்கில் ஏறிவிடுகின்றன. ஆனால் ஒன்றிரண்டு புத்தகங்களின் ஆர்எஃப்ஐடி டேக்கில், வாசல் அலாரத்தை அடிக்கவைக்கும் பாதுகாப்பு பிட் அணைவதில்லை. வாசலில் அலாரம், முறையாக எடுத்த மாணவர் எல்லோர் முன்னும் பையைத் திறக்க வேண்டியிருக்கிறது. இது நடக்கவே கூடாது.

காரணம் தெரிகிறது: பின்னட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஒட்டியதால், 13.56 மெகாஹெர்ட்ஸ் டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒத்திசைவு அதிர்வெண் நகர்கிறது, அதனால் கருவியால் பிட்டைச் சரியாக எழுத முடிவதில்லை. தனித்தனியாக வைத்தால் சரி. புது நூல்களுக்கு மேல், நடு, கீழ் என மாற்றி ஒட்டுகிறோம். பழைய நூல்களில் ஒட்டிய டேக்கைப் பிய்த்தால் ஆண்டெனா கிழிந்துவிடும்.

பிட்டை எழுதியதும் மறுபடி படித்துப் பார்த்து, தவறினால் சிப்2-இன் 09 செய்தி (நூல் திரும்பி வந்ததாகப் பதியும் செய்தி) அனுப்பி அந்த இரவலைத் திரும்பப்பெறும்படி யாராவது அமைத்திருக்கிறீர்களா?