புதுப்பிப்பு: டயாலிசிஸ் இல்லாத பராமரிப்பில் அரிப்பும் வலியும்

சிறுநீரகம் செயலிழந்தும் டயாலிசிஸ் வேண்டாம் என்று முடிவெடுத்த முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றிய முந்தைய பதிவில், மாத்திரைகளைப் பற்றிப் பேசாமல் விட்டிருந்தோம். கேள்விகள் எல்லாம் அதில்தான்.

இவர்களின் அரிப்புக்கு செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை பெரிதாக உதவாது. தூக்கக் கலக்கம்தான் மிச்சம். குளித்ததும் ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ லிக்விட் பாரஃபினோ தடவுங்கள். அடங்காவிட்டால் மருத்துவர் கபாபென்டின் தருவார்: இரவில் 100 மி.கி., சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். நரம்பு வலிக்கு மற்றவர்கள் சாப்பிடும் 300 மி.கி. மூன்று வேளை இங்கே ஆபத்து. மருந்து வெளியேற வழி சிறுநீரகம் மட்டுமே. தேங்கினால் தள்ளாட்டம், மயக்கம்; டம்ளர் பிடித்த கை வெட்டி இழுத்துக் காபி சிந்தும். அதை வயோதிக நடுக்கம் என்று விட்டுவிடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலிக்கு முதலில் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக் வேண்டாம், ஊசியாகவும்தான். மார்ஃபினின் கழிவுப்பொருள்களும் கபாபென்டின் போலவே உடம்பில் தேங்கும், அதனால் கடும் வலிக்குத் தோலில் ஒட்டும் ஃபென்டனில் மருந்துப் பட்டை பெரும்பாலும் தேவலை. ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள்: சூட்டில் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கி மூச்சு மந்தமாகும்.

லோ சோடியம் உப்பு? கூடவே கூடாது. அதில் சோடியத்தைக் குறைக்கச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு; சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியமும் உடம்பில் தேங்கும்.